அடுத்தவர் பையிலிருந்து ஒரு பொருள்

1

மே 14. மலை நகர வானிலை நிலையம்: குறைந்தபட்ச வெப்பநிலை 17 டிகிரி. மழை இல்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழின் கடைசிப் பக்கத்தில், இடது மூலைப் பெட்டிக்குள் வந்த வரி இது. அந்தப் பெட்டியை நிரப்பும் வேலை அப்போது என்னுடையது. மே 11, 12, 13 தேதிகளிலும் அதே 17, அதே 'மழை இல்லை'.

இந்தக் கதை ஒரு பட்டியலில் தொடங்கியது. இந்த ஏப்ரலில் ஒரு கோடை மலரின் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். "சார், ஒரே டிரிப்ல சிட்டி வெயிலும் இருக்கு, மலைக் குளிரும் இருக்குன்னா பெட்டியில என்னென்ன வைக்கணும்? நறுக்குன்னு அஞ்சு வரி. நீங்க வானிலை எழுதி ரிட்டயர் ஆனவர், உங்களுக்கு இது சப்பை மேட்டர்."

நான்கு வரிகளைப் பத்து நிமிடத்தில் எழுதினேன். பருத்தி உடைகள். குடை. மடித்து வைக்கக்கூடிய மழைக்கோட்டு. கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ். ஐந்தாவது வரிக்குக் கை ஓடவில்லை. அந்த வரி வரவேண்டிய இடத்தில்தான் இது வந்திருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'கோடை விடுமுறை என்றதும் மனம் சிறகு விரித்து—' இல்லை.

இரண்டாவது: 'அக்கா பெட்டியைத் திறந்தபோது எங்கோ ஒரு குயில்—' குயில் எதுவும் கூவவில்லை. கீழ்வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது: 'எங்கள் வீட்டில் பெட்டி கட்டுவதற்கு ஒரு விதி உண்டு.'

இதை வைத்துக்கொள்கிறேன். அப்பா போட்ட விதி அது. பெட்டி கட்டி முடித்த பிறகு, ஒவ்வொருவரும் அடுத்தவர் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். தன் பையிலிருந்து யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள், சுமை குறையாது என்பது அவர் கண்டுபிடிப்பு. எடுத்ததைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கெஞ்சக் கூடாது. அப்பா போன பிறகும் அக்காவும் நானும் அதை விடவில்லை.

3

அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். விரல் நுனிகளில் எப்போதும் ஏதாவது ஒரு கறை இருக்கும். அப்போது நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். நகரத்தில் எனக்கு மூன்று நாள் கருத்தரங்கு. அங்கிருந்து மலை நான்கு மணி நேரப் பஸ் பயணம். அப்படியே மேலே போய் ஒரு பயணக் கட்டுரையும் எழுதிக்கொண்டு வா என்றார் எங்கள் ஆசிரியர். பள்ளிக்குக் கோடை விடுமுறை; அக்காவும் உடனே கூடவே கிளம்பிவிட்டாள்.

"மேகத்த மேலேருந்து பாக்கணும்டா. இத்தனை வருஷமா அண்ணாந்தே பாத்துக் கழுத்து வலிக்குது."

மலை உச்சியில் ஒரு மேடு இருக்கிறது. மேகம் கீழே கிடக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மே 14 காலை. அவள் என் பைக்குள் கையை விட்டு ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்தாள். "மேகத்துக்குப் பாலிஷ் போடப் போறியா?"

நான் அவள் பையைத் திறந்தேன். மேலேயே கிடந்தது, கறுப்பாக, கனமாக.

"என்னக்கா இது, கரடியா?"

"எதிர்வீட்டு டீச்சரோட கோட்டுடா. கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

"பதினேழு டிகிரிக்கு இதா? ஏசி ரூம் மாதிரிதான் இருக்கும். உன் சால்வை போதும்."

"மலைடா. நேரத்துக்கு ஒண்ணா மாறும்னு டீச்சர் சொன்னாங்க."

பேப்பரை எடுத்துக் கடைசிப் பக்க வானிலைப் பெட்டியைக் காட்டினேன். "டீச்சர் சொல்றத நம்புவியா, இத நம்புவியா?"

"சரிப்பா டிகிரி, நீ சொன்னா சரி." அவள் எனக்கு வைத்த பெயர் அது.

கோட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன்.*

* நிலையத்திலிருந்து தகவல் மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால், முந்தைய நாள் எண்ணையே மறுபடி போடுவது எங்கள் மேசையின் வழக்கம். வெற்றிடத்தைவிடப் பழைய எண் மேல் என்று அதைத் தொடங்கி வைத்தது நான்தான். அந்த வாரம் மலையிலிருந்து தகவலே வரவில்லை. நான்கு நாளும் 17 ஆக இருந்தது அதனால்தான். இதை அக்காவிடம் சொல்லவில்லை. உங்களிடமும் அடிக்குறிப்பில்தான் சொல்கிறேன்.

4

நகரத்தில் 39 டிகிரி. தங்கியிருந்த அறையில் மின்விசிறி அனல் காற்றை வீசியது. நான் கருத்தரங்குக்குப் போய்விடுவேன்; அக்கா தலைமாட்டில் ஈரத் துண்டை விரித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"பாத்தியா? அந்தக் கரடியையும் தூக்கிட்டு வந்திருந்தா?"

"உன் வாய்க்குச் சக்கரை போடணும்டா," என்றாள். உண்மையாகவே நம்பித்தான் சொன்னாள்.

பதினேழாம் தேதி மலை ஏறினோம். பஸ் பாதி தூரம் போவதற்குள் கண்ணாடியில் மழை அடிக்க ஆரம்பித்தது. கடைசி வளைவில் நடத்துநர் காதைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். விடுதி வரவேற்பறைச் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது: 8.

"ஒரு வாரமா இதே கதைதான் சார்," என்றார் மேலாளர். "போன் லைனும் அறுந்து கிடக்கு. காலையில ஆறு மணிக்கு மேட்டுக்கு ஜீப் போகும். கொஞ்ச நேரம் மேல வானம் திறக்கும். காத்து கிழிச்சிடும், கோட்டு இருக்குல்ல?"

அக்கா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

5

இந்த இடத்தை மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

முதல் வடிவத்தில் இருவரிடமும் கனமான துணி எதுவும் இல்லை. இருவரும் அறையிலேயே இருந்து சீட்டாடுகிறார்கள். அக்கா ஜெயிக்கிறாள். [நல்ல கதை. படித்த நண்பர் கண் கலங்கினார்.]

இரண்டாம் வடிவத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். 'நீயாவது போய்ப் பாத்துட்டு வாடா' என்று வற்புறுத்தி அனுப்புகிறாள். [அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை.]

மூன்றாவது இது. என் பையின் அடியில், குளியல் துண்டுக்குள் சுருட்டி, ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருந்தது. நான் வைத்தது. அந்த 17 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் வைத்தேன். அக்கா அடிவரை கையை விடமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

காலை ஐந்தரைக்கு அதை வெளியே எடுத்தேன். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கட்டுரை எழுதணும்க்கா."

அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.

"போட்டுக்கோ. எனக்கு அது தொளதொளன்னு இருக்கும்."

அவளுக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். கட்டுரைக்காக நான் போயே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஸ்வெட்டரை அவளுக்குக் கொடுத்து அனுப்பி, அவள் பார்த்ததைக் கேட்டு எழுதியிருக்கலாம். பத்திரிகையில் அப்படித்தான் பாதி எழுதுகிறோம். அன்று காலை அது எனக்குத் தோன்றியது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீப் ஹாரன் அடித்தது. நான் கிளம்பினேன். படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு அவள் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள்.

மேட்டில் பதினோரு நிமிடம் வானம் திறந்தது. மேகம் கீழேதான் கிடந்தது. கட்டுரையில் அதற்கு முக்கால் பத்தி கொடுத்தேன்.

6

ஊர் திரும்பியதும் அக்கா முதல் வேலையாக டீச்சரின் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துவைத்தாள். யாரும் போடாத கோட்டு. காய்ந்த பின் மடித்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் எங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உபயோகமா இருந்துச்சா?"

"இது மட்டும் இல்லேன்னா விறைச்சிருப்பேன் டீச்சர்."

"மேகம்லாம் பாத்தீங்களா?"

"ம். கீழதான் இருந்துச்சு. பஞ்சு கொட்டினாப்பல."

நான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து அவளிடம் சொன்ன வார்த்தைகள் அவை.

அடுத்த ஞாயிறு கட்டுரை வந்தது. கீழே ஒரு கட்டம்: 'எடுத்துச் செல்ல வேண்டியவை'. முதல் வரி, 'கம்பளி ஸ்வெட்டர், அவசியம்.' அக்கா சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"ஊருக்கெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கே," என்றாள். "நல்லா எழுதியிருக்கேடா."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள். அதன்பிறகு அவள் என்னை டிகிரி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் விதியும் அத்தோடு நின்றது. யார் நிறுத்தியது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எங்கும் போகவில்லை.

7

இதுவரை எழுதியதைப் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. கடைசிவரை கேட்டாள்.

"ஒரு தப்பு இருக்கு," என்றாள். "நான் ஜன்னல்கிட்ட உக்காரல. அது ஒழுகுச்சு. கட்டில்ல உக்காந்து உன் ஈரச் சட்டையை பல்பு சூட்டுல காயவெச்சுட்டிருந்தேன்."

"மாத்திடறேன்."

"மாத்து."

[மாற்றவில்லை. அவள் திருத்தினாள் என்பதும் தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.]

"துண்டுக்குள்ள சுருட்டி வெச்சது உனக்கு அன்னைக்கே புரிஞ்சுதாக்கா?"

"ஸ்வெட்டர யாராவது துண்டுக்குள்ள வெப்பாங்களாடா? நான் லேப்ல இருந்தவ. எது எதோட சேர்ந்திருக்குன்னு பாத்துப் பாத்துத்தான் பிழைச்சேன்."

"இந்த வருஷம் போலாமா? நான் கூட்டிட்டுப் போறேன்."

"எந்த முட்டியோட?" சிரித்தாள். ஜீப் இப்போது மேடுவரை போவதில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

"அப்ப முடிவுக்கு என்ன எழுதறது?"

"நான் போனதா எழுதேன். யாரு வந்து கேக்கப் போறா?"

எழுதிப் பார்த்தேன். காலை ஆறு மணி. கறுப்புக் கோட்டு. டிரைவர் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறார். அக்கா விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். கீழே மேகம்

பஞ்சு என்று எழுத முடியாது. அது நான் சொன்னது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். முடிக்கத் தெரிந்தால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

8

ஐந்தாவது வரியை எழுதி அனுப்பினேன்: 'கிளம்பும் முன், உடன் வருபவரின் பையில் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.'

மே முதல் ஞாயிறு கோடை மலர் வெளிவந்தது. இடம் போதாததால் நான்கு வரிகள் மட்டும் இருந்தன.