பேசி முடித்த அறுபது எழுத்து

அம்பத்தூரில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் பூபாலன், எதற்கும் சொன்ன விலை கொடுத்ததில்லை. பல் பிடுங்கப் போன இடத்திலும் ‘ரெண்டாப் பிடுங்கினா எவ்ளோ?’ என்று கேட்ட ஆள். அவரிடம்தான் கடைக்கு ஆப் செய்து தர வந்தாள் கொரட்டூர் ஷர்மிளா. ஐ.டி. கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவள் சொந்தமாகப் பிடித்த முதல் வாடிக்கை.

“வர்ற மெசேஜ் எல்லாம் வரிசையா நிக்கும் சார். ஒவ்வொண்ணுலயும் ஆரம்பத்துலேர்ந்து இருநூறு எழுத்து மட்டும் வெட்டி எடுத்துக் காட்டும். தொட்டா முழுசும் வரும்.”

“இருநூறா? ஊர்க்கதை படிக்கவா கடை வெச்சிகினு கீறேன்? முப்பது போதும்மா.”

“முப்பதுல வணக்கமே முடியாது. காலு, கொம்பு, புள்ளின்னு எல்லாத்தையும் போன் தனித்தனியா எண்ணும் சார்.”

“புள்ளிக்கும் வாடகையா? சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அறுபது!”

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. நூற்று நாற்பது எழுத்தை அடித்துக் குறைத்த சந்தோஷத்தில் அவளுக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்தார். போதாததற்கு, மெசேஜைத் திறக்காமலே தட்டிவிட ஒரு பதிலும் கேட்டு வாங்கிக்கொண்டார்: ‘மகிழ்ச்சி! அடுத்த விசேஷத்துக்கும் நம்ம கடைதான்!’

ஒரு முகூர்த்த நாள் காலை. கடையில் அண்டாவும் ஆளும் முட்டிக்கொண்டிருக்க, ரவிச்சந்திரன் பெயரில் ஒரு வரி வந்து நின்றது. ‘அண்ணாச்சி வணக்கம். விசேஷம் ரொம்ப நல்லா நடந்துச்சு. உங்க பந்த...’

ரவிச்சந்திரன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, இன்னும் குவார்ட்டர்ஸில்தான் வாசம். பட்டாபிராமில் அவர் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போன வாரம் பூபாலன் கடைப் பந்தல்தான். தங்கமான மனிதர். பேச்சை எடுத்தால் மட்டும், தென்காசியில் கிளம்பி ஆவடிக்கு வந்து சேர நேரமாகும். பூபாலன் மகிழ்ச்சியைத் தட்டிவிட்டு அண்டா எண்ணப் போனார்.

சற்று நேரத்தில் போன் அலறியது.

“வாடகைக் கடைக்காரரா? நான் ரவிச்சந்திரன் சார் பக்கத்து வீட்டு ஆக்னஸ். இங்க சாவு விழுந்து கெடக்கு, உங்களுக்கு மகிழ்ச்சியா? அடுத்த விசேஷம் வேற கேக்குதா?”

பூபாலன் மெசேஜைத் திறந்தார். பந்தலைப் பாராட்டி, பாத்திரத்தைப் பாராட்டி, பூபாலனின் முட்டிவலியை விசாரித்து, எல்லாம் முடிந்து கடைசியில் இருந்தது: ‘காலையில எங்க அப்பா தவறிட்டாங்க அண்ணாச்சி. ஐஸ் பெட்டி வேணும்.’

கோபத்தில் ஷர்மிளாவுக்குப் போன் போட்டார்.

“இன்னாம்மா ஆப் செஞ்சி குட்த்த? சாவு சேதிய முழுங்கிடுச்சே!”

அவள் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். “அறுபதோட நிறுத்தச் சொன்னது நீங்கதான் சார்” என்றாள். பிறகு குரல் தணிந்து, “நான் வேணா வந்து, என் தப்புன்னு அவர்கிட்ட சொல்லட்டுமா?”

“வேணாம்மா. பேரம் பேசினது நானு.”

ஐஸ் பெட்டியை டெம்போவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார். ஆவடி போகிற வரைக்கும் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்தார். டவர் இல்லை, கை தவறிவிட்டது, வேறு யாருக்கோ போட்டது. ஒன்றும் அளவு சேரவில்லை.

வாசலிலேயே ஆக்னஸ் மறித்தாள். கையில் ரவிச்சந்திரனின் போன்.

“சொந்தக்காரங்களுக்குச் சொல்ல வாங்கினேன். அவரு இன்னும் பாக்கல” என்று முறைத்தவள், பூபாலன் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். “உங்க பதிலை அழிச்சுடட்டுமா?”

பூபாலன் வாழ்க்கையில் இத்தனை மலிவாக ஒன்று வந்ததில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் ரவிச்சந்திரனே வெளியே வந்தார். அழுது வீங்கிய முகம்.

“வாங்க அண்ணாச்சி. நீங்களே வந்துட்டீங்களா? முட்டிவலி எப்படி இருக்கு?”

அதற்கு மேல் பூபாலனால் தாங்க முடியவில்லை. “சார், உங்க சேதிய நான் முழுசாப் படிக்கல. பாதியப் பாத்துட்டு மகிழ்ச்சின்னு போட்டு வுட்டேன். மன்னிச்சிக்கோங்க சார்.”

ரவிச்சந்திரன் போனை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எங்கப்பாவும் என்னை முழுசாப் பேச விட மாட்டாங்க அண்ணாச்சி. ‘சோலியச் சொல்லுல’ம்பாங்க” என்றவர், அங்கேயே படியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். அப்பா ஊரிலிருந்து ரயிலில் வந்தது, புது வீட்டுத் தண்ணீர் உப்பு என்று சண்டை போட்டது, சாப்பாட்டில் குறை கண்டுபிடித்தது. பூபாலன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். டெம்போக்காரன் ஹாரன் அடித்ததற்குக் கையை மட்டும் அசைத்தார்.

கடைசியில்தான் வந்தது. “பந்தல்ல ஒரு செவப்பு வெல்வெட் சேர் போட்டிருந்தீங்கள்லா? அதுல உக்காந்த அப்பா எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. பதினாறாம் நாள் படத்தை அதுலதான் வைக்கணும். கெடைக்குமா அண்ணாச்சி?”

“அது அவரு சேருதான் சார். நானே எட்த்துகினு வர்றேன்.”

திரும்பும்போது ஷர்மிளாவைக் கூப்பிட்டார். வாடிக்கை போய்விட்டது என்று முடிவுகட்டிய குரலில் அவள் கேட்டாள், “இருநூறா மாத்திடட்டுமா சார்?”

“வெட்டவே வேணாம்மா. எவ்ளோ எழுதறாங்களோ அவ்ளோவும் வரட்டும்.”

“ஸ்க்ரீன் பத்தாதே!”

“விரலு கீதுல்ல? தள்ளித் தள்ளிப் படிச்சிக்கிறேன். மொதல்ல அந்த மகிழ்ச்சியத் தூக்கு.”