மூன்றாவது ஸ்டில்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணியானால் கல்கத்தாவில் பழைய வங்காளப் படப் பைத்தியங்கள் யாரும் போனைக் கீழே வைக்கமாட்டார்கள். 'ஷாதா-காலோ', வெள்ளை-கறுப்பு, என்ற முகநூல் குழுவில் அப்போதுதான் ஆட்டம் தொடங்கும். ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் ஸ்டில், நடிகர்கள் முகத்தில் கறுப்புப் பட்டை. எந்தப் படம் என்று சொல்ல வேண்டும், எப்படித் தெரிந்தது என்றும் எழுத வேண்டும். முதலில் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த வாரம் கேள்வி போடும் உரிமை. கூகுளில் தேடிப் பிடிபட்டால் ஆள் காலி.

அன்றைக்குக் கேள்வி போட்டவர் குழுவை நடத்துகிற அபரேஷ் ஷோம்; எல்லோருக்கும் 'அபரேஷ்-தா', அபரேஷ் அண்ணா. மாடிப்படியில் ஒரு பெண், கையில் அரிக்கேன் விளக்கு. பெஹாலாவில் தன் சமையலறையில் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்த கேதகி சான்யால் எண்ணெய்க் கையோடு தட்டினாள்: "உஜான்பாடி." கீழேயே காரணமும் எழுதினாள்.

"முந்தானை வலது தோள்ல கெடக்கு. அபரேஷ்-தா படத்த கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்கார். நேரா வச்சுப் பாத்தா படி எடது பக்கம் வளையும், கீழ மூக்கு ஒடஞ்ச சிங்கம் இருக்கும். அந்த வீடு வேற எந்தப் படத்துலயும் வரல."

பதில் சரி. வம்பே அதனால்தான்.

அபரேஷ் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். கூகுளை ஏமாற்றவென்றே படத்தைத் திருப்பிப் போட்டு, ராத்திரிவரை இவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்று டீயோடு உட்கார்ந்திருந்தார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"இவ்வளவு சீக்கிரமாவா? அது கண்ணா, ஸ்கேன் மிஷினா?" என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் தனிப் பதிவே போட்டார்: "திருடங்க நம்ம வீட்டுக்குள்ளயும் வந்தாச்சு. கேதகி சான்யாலுக்கு இனிமே ஆட்டத்துல எடம் இல்ல." அதைக் குழுவின் உச்சியில் குத்தியும் வைத்தார். உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

"கூகுள் மாசி வாழ்க!" என்றான் ஒருவன், சித்தி முறை வைத்து. "மாசி, எங்க வீட்டுச் சாவியக் காணோம், தேடித் தர்றீங்களா?" என்றான் இன்னொருவன். அதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் காலை கொழுந்தன் பாப்லா அதைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

"போவ்தி, ஊரே ஒங்களத் திருடிங்குது! எங்க அண்ணனப் பர்ஸக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க!"

அண்ணியைக் கிண்டலடிக்காத கொழுந்தன் அந்த ஊரில் கிடையாது. ஆனால் மாமியார், நாத்தனார், நாத்தனார் மருமகன் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நாத்தனார் கேட்டாள்: "எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்?" புருஷன் ஷுபேந்து வாயே திறக்கவில்லை. கேதகிக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

அபரேஷுக்கு மூன்று தடவை எழுதினாள். "நான் தேடல. அந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க." மூன்றையும் பார்த்தார். குத்தி வைத்த பதிவு அப்படியே இருந்தது.

ஆபீஸில் எதிர் சீட்டு லோபா, கேதகியை 'தி', அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள். திங்கள்கிழமை மதியம் பொரி கொறிக்கும்போது கேதகி கேட்டாள்.

"ஒன் கேள்விய எனக்குக் குடுப்பியா?"

"எதுக்கு கேதகி-தி?"

"அந்தாளு 'குயாஷார் காட்' பாத்தேன் பாத்தேன்னு சொல்றார்ல. அத நான் கேக்கப்போறேன்."

குயாஷார் காட், பனிமூட்டத்துப் படித்துறை. அந்தப் படத்தின் பிரிண்ட் கிடங்குத் தீயில் எரிந்துபோனது. மிஞ்சியது ஒரு பாட்டுப் புத்தகமும், அதில் அச்சான இரண்டு ஸ்டில்லும்தான். படத்தைப் பார்த்ததாகச் சொல்கிறவர் அபரேஷ் ஒருவரே. ஆறு வயதில் மாமா மடியில் உட்கார்ந்து பார்த்தாராம். குழுவில் அவர் வைத்தது சட்டமாக இருப்பதற்கு அந்த மடிதான் காரணம்.

கேதகி வீட்டில் பழைய ஆல்பம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் ஆபீஸ் கிளப் நாடகத்தில் விதவை வேஷம் கட்டியிருந்தாள். அட்டையில் செய்த படித்துறை, கையில் விளக்கு, சுற்றிலும் சாம்பிராணிப் புகை. தான் பெரிய கலைஞன் என்ற நினைப்பு அப்போது ஷுபேந்துவுக்கு. கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல்தான் போடுவான்.

அந்தப் போட்டோவை எடுத்து ஓரங்களை வெட்டினாள். தன் முகத்தில் கறுப்புப் பட்டை போட்டாள். எட்டிப் பார்த்த ஷுபேந்து சொன்னான்: "வேணாம் கேதகி. இது ஆட்டம்."

"ஒன் பொண்டாட்டியத் திருடின்னாங்க. அதுவும் ஆட்டமா?"

அவன் டிவி பக்கம் போய்விட்டான்.

ஞாயிறு ஏழு மணிக்கு லோபா படத்தை ஏற்றினாள். கேதகி சொல்லிக்கொடுத்தபடி ஒரே கேள்வி: "இது என்ன?" எந்தப் படம் என்று கேட்கவில்லை. பொய் எழுதக்கூடாது என்பதில் கேதகி பிடிவாதமாக இருந்தாள்.

ஏதேதோ பெயர்கள் வந்தன. பிறகு அபரேஷ் வந்தார்.

"யாருக்கும் தெரியலையா? இது குயாஷார் காட்! மூணாவது ஸ்டில்! லோபா, எங்கேம்மா கெடச்சுது ஒனக்கு? இடைவேளைக்கு அப்பறம் வர்ற காட்சி. அவ படகுக்காகக் காத்திருப்பா. பின்னால படகுக்காரன் இருமுவான், அவ திரும்பமாட்டா. நான் மாமா மடியில அழுதேன்."

குழு பொங்கிவிட்டது. "அபரேஷ்-தா, நீங்க இல்லன்னா யார் சொல்லுவா!" என்றார்கள். தன் புத்தகத்தில் அச்சிட மூலப்படம் வேண்டும் என்று ஒரு சேகரிப்பாளர் கெஞ்சினார்.

கேதகி கொஞ்ச நேரம் விட்டாள். இருமல் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெட்டாத போட்டோவை ஏற்றினாள். பட்டையில்லாத முகம், அவளுடைய முகம். இடது ஓரத்தில் ஆபீஸ் பியூன் கோஷ்ட்டோ குந்தி உட்கார்ந்து, தூபக்காலைப் பேப்பரால் விசிறிக்கொண்டிருக்கிறான். மேலே கிளப் பேனர்.

"எங்க ஆபீஸ் நாடகம். நான்தான். இருமினது யாருன்னு அபரேஷ்-தாவக் கேட்டுச் சொல்லுங்க. கோஷ்ட்டோவா இருக்கும், பொகை ஜாஸ்தி."

முதலில் சிரித்தார்கள். பிறகு திரும்பினார்கள், ஆனால் அவள் நினைத்த பக்கமாக இல்லை.

"செத்துப்போன படத்த வச்சு வெளையாடலாமா?"

"அன்னிக்கே சொன்னாரு இவ திருடின்னு. இப்பப் பாத்தீங்களா?"

"ஏங்க, நான் அழுதேங்க! அந்தக் கண்ணீரத் திருப்பிக் குடுங்க!"

மறுநாள் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. அபரேஷ் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். சன்னமான குரல்.

"சந்தோஷமா?"

"இல்ல. அந்த வார்த்தைய எடுங்க."

"நீ அந்தப் போட்டோவ எடு. நான் எடுக்கறேன்."

"நீங்க என்னை 'நீ'ன்னு பேசற அளவுக்குப் பழக்கம் இல்ல."

"நான் அந்தப் படம் பாத்தது நெஜம். பொகை ஞாபகம் இருக்கு. ஒரு சத்தம் ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம்... சொல்லிச் சொல்லி வந்துச்சு."

"அப்ப அத எழுதுங்க. பொகை மட்டும்தான் ஞாபகம்னு."

"எழுதினா அந்தப் படத்தப் பாத்தவன் ஒருத்தனும் இல்லன்னு ஆயிடும்."

"நான் திருடின்னு எழுதறப்ப அவ்வளவு யோசிச்சீங்களா?"

"அரை நிமிஷத்துல யாரும்மா சிங்கத்தோட மூக்கப் பாப்பா?"

"நான் பாப்பேன்!" கேதகி போட்ட சத்தத்தில் ஹாலில் ஃபைல் புரட்டிய கைகள் நின்றன. "அம்பது வயசுல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நான் பாப்பேன். நீங்க அதத்தான் எடுத்துக்கிட்டீங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் குழுவின் உச்சியில் இருந்த பழைய பதிவு போய், புதியது வந்திருந்தது. இரண்டே வரி.

"உஜான்பாடி கேள்விக்குக் கேதகி சான்யால் தேடிப் பாக்கல, கண்ணால பாத்துதான் சொன்னாங்க, திருடின்னு சொன்னது என் தப்பு.

சினிமா இல்லாத படத்த ஆட்டத்துல விட்டு ஏமாத்தினதுக்காக அவங்களக் குழுவுல இருந்து நீக்கியாச்சு."

லோபா படம்பிடித்து அனுப்பித்தான் அவள் அதைப் பார்க்க முடிந்தது. குழுவின் கதவு அவளுக்குச் சாத்தியாகிவிட்டது. புகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

கேதகி முதல் வரியைப் பலமுறை படித்தாள். கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போனில் படத்தைத் திறந்து, கீழ் ஓரத்தை விரலால் மேலே தள்ளினாள். இரண்டாவது வரி மறைந்தது. வெட்டியதைக் குடும்பக் குழுவில் போட்டாள். "பாப்லா, படிச்சுக்கோ."

மாமியார் கை கூப்பும் பொம்மை அனுப்பினாள். ஷுபேந்து பக்கத்து அறையிலிருந்து ஒரு பூ அனுப்பினான்.

பிறகு பாப்லா எழுதினான்.

"சூப்பர் போவ்தி! அது சரி, கீழ ஒரு எழுத்தோட தல மட்டும் தெரியுது. அங்க என்ன வெட்டுனீங்க?"

கேதகி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான், தெரிந்தது. இந்த வீட்டில் தன்னைத் தவிர இப்படிப் பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று இதுவரை அவள் நினைத்ததில்லை. அதற்காகவும் அவன்மேல் கோபம்தான் வந்தது.