குச்சேரா வீட்டு மேஜை

தேர்தலுக்கு மறுநாள் காலை எல்வுட் குச்சேராவின் சாப்பாட்டு மேஜை ஒரு சாண் நீண்டிருந்தது. நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் டோப்ரியில் அதற்கு முன் எந்த மேஜையும் வளர்ந்ததில்லை. எல்வுட் ஒரு கட்சி, மனைவி ட்ரூடி எதிர்க்கட்சி. இருவர் ஓட்டும் ஒன்றையொன்று ரத்து செய்யத்தான் போகிறது, எதற்கு வண்டியை எடுப்பது என்று கல்யாணமான வருடமே பேசி முடித்திருந்தார்கள். எட்டு ஜனாதிபதித் தேர்தல்களுக்கு வீட்டிலேயே இருந்து, பிளம் பழம் வைத்த கோலாச்சி ரொட்டி சுட்டுத் தின்றார்கள்.

ஒன்பதாவது தேர்தலில் மூன்றாவதாக ஒருவர் கிளம்பினார். டிராக்டர் விற்றுப் பணக்காரரானவர். இரண்டு கட்சியும் ஒரே தொட்டியில் தின்னும் பன்றிகள் என்று தொலைக்காட்சியில் சொன்னார். கேட்டுவிட்டு எல்வுட்டும் சிரிக்கவில்லை, ட்ரூடியும் சிரிக்கவில்லை. தேர்தலன்று காலை அவன் ஆணி வாங்கப் போனான். மதியம் அவள் தங்கையைப் பார்க்கப் போனாள். ஊரில் விழுந்த எண்பத்து நாலு ஓட்டில் டிராக்டர்காரருக்கு இரண்டு.

அந்த இரண்டு பேர் யார் என்று ஊரே எல்லோருடைய வாயையும் கிளறியது. இரண்டில் ஒன்று தன்னுடையது என்று எல்வுட்டுக்குத் தெரியும், ட்ரூடிக்கும் அப்படியே. மற்றது இவளுடையதோ என்று அவனுக்கும், இவனுடையதோ என்று அவளுக்கும் உறுத்தல். கேட்டால் தானும் பேச்சு மீறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் கேட்கவில்லை, மேஜை வளர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு வாத்து வறுவலை மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுவண்டியில் வைத்து அனுப்பினார்கள். பிப்ரவரியில் தச்சர் வந்து அளந்து, சுவரை இடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஏப்ரலில் எல்வுட்டின் முனை மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டது, அவன் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருநாள் அவன் தும்மியது ட்ரூடிக்குக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவள் பயந்துபோனாள். தட்டை எடுத்துக்கொண்டு நாற்பத்தேழு தப்படி நடந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போகல, எல்வுட்.”

அவன் சூப்பை ஊதினான். “நானும் ஆணி வாங்கல.”

“தெரியும். அஞ்சு மாசமா இந்த வீட்ல ஒரு ஆணி அடிச்சியா நீ?”

“அந்த ஆளுக்கா போட்ட?”

“நீ மட்டும் யோக்கியமா?” என்றவள், “முந்தின எட்டுத் தடவையும்?” என்று கேட்டாள்.

“வீட்லதான். நீ?”

“வீட்லதான்.”

மேஜை வளர்வது நின்றது, சுருங்கவில்லை. அறுவடை விருந்துக்கு அதில் ஊரே உட்கார்ந்தது. அடுத்த தேர்தலன்று இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். ட்ரூடி வண்டிச் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள், எல்வுட் அவள் செருப்பில் மண் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தான். மறுநாள் மேஜை ஒரு விரற்கடை கூடியிருந்தது. இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதால் அது தொந்தரவாக இல்லை.