கழுத்தில் ஒரு கறுப்பு நூல்

பிள்ளையாருக்கும் இந்த இத்தாலிய ஊரின் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் சேர்த்து ஒரே விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, புஸ்பராணி அந்தக் கடுதாசியை ரொசாலியாவின் படத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். நான்கு நாளாக அது அங்கேதான் கிடக்கிறது. பின்னறையில் வாடகைக்கு இருக்கும் நேபாளி கர்ணா இந்த வீட்டில்தான் வசிக்கிறான் என்று அவள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டிய கடுதாசி. செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், அவனுக்குத் தவணை. இது இல்லாமல் போனால் பெர்மெசோவை, இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க மாட்டார்கள். பெர்மெசோ இல்லாவிட்டால் துறைமுகத்து வேலையும் இல்லை. வீட்டு ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்ததால் வேறு யாரும் வைக்கவும் முடியாது. அவன் கேட்கும்போதெல்லாம் கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

கர்ணாவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் தண்ணீர்ப் போத்தல் கட்டு வாங்கி வந்தால், கேட்காமலே நான்காம் மாடிவரை சுமந்து வருவான். புதன்கிழமையும் அப்படித்தான் வந்தான். கட்டை இறக்கக் குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு நூல் வெளியே விழுந்தது. நுனியில் விரல்நீளத்தில் ஏதோ குழாய். சட்டென்று அதை உள்ளே போட்டுக்கொண்டான். அந்த அவசரந்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

வன்னியில் கறுப்பு நூலின் நுனியில் என்ன தொங்கும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மகள் சுஜானியை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பதினேழு வயது. ஆறு கிழமை கழித்து ஒரே ஒரு முறை வீட்டுக்கு விட்டார்கள். கட்டையாய் வெட்டிய தலைமயிரோடு வந்து நின்ற மகளைக் கட்டிப்பிடித்தபோது, இரண்டு பேருக்கும் நடுவில் நஞ்சுக்குப்பி இருந்தது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறும் ஒவ்வொரு வருசமும் புஸ்பராணி கேட்பது ஒன்றே ஒன்று. பிடித்துக்கொண்டு போனவர்களுக்காக அவளால் இன்றுவரை மன்றாட முடியவில்லை.

பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை தொடங்கியிருந்தது. அங்கே கர்ணாவோடு தில்மான் என்ற இன்னொரு நேபாளியும் இருக்கிறான். ஊர்ச் செய்தியை போனில் போட்டுவிட்டு இருவரும் கத்துவார்கள். அவளுக்கு விளங்குவது மூன்று சொல்தான்: ராஜா, யுத்தம், சாந்தி.

"என்னவாம் இண்டைக்கு?" என்று கணவனைக் கேட்டாள்.

குலேந்திரன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "ராஜா திரும்பி வந்தாத்தான் நாடு உருப்படுமாம், தில்மான் சொல்லுறான். மற்றவர் விடுறாரில்லை. ராஜாவைக் கலைக்கத்தானே அவர் துவக்கோடை காட்டுக்கை நிண்டவர்."

"ஆர், கர்ணாவோ?"

"ஓம். தில்மான்ர தகப்பன் பொலிஸ். அந்தாளைக் கர்ணான்ர ஆக்கள்தான் சுட்டவையாம். துறைமுகத்திலை தில்மானே சொன்னவன்."

"நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை!"

"சொன்னா நீர் நித்திரை கொள்ளமாட்டீர்."

"அப்ப எப்பிடி ரெண்டு பேரும் ஒரு அறையிலை இருக்கினம்?"

"அதை அவையளைத்தான் கேக்கவேணும்."

சம்பல் கிண்ணத்தைச் சாட்டாக எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. ஒரே தட்டில் பொரித்த மீன். ராஜாவின் பெயரைச் சொல்லிக் கத்தியபடியே தில்மான் ஒரு மீனை எடுத்து, நடுமுள்ளை உருவிப் போட்டுவிட்டு, சதையைக் கர்ணாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தான். முகத்தைப் பார்க்கவுமில்லை. கர்ணாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவனும் பதிலுக்குக் கத்திக்கொண்டே அதை எடுத்து வாயில் போட்டான்.

புஸ்பராணி கிண்ணத்தை மேசையில் வைத்தாள். தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டாள்.

"நீ பிள்ளை பிடித்தவனா?"

போன் மட்டும் தனியே கத்தியது. தில்மான் அதை நிறுத்தினான்.

"என்னைத்தான் பிடித்தார்கள், சிஞ்ஞோரா. பள்ளிக்கூடத்தில் வைத்து. பதினைந்து வயசு," என்றான் கர்ணா.

அவ்வளவோடு அவன் நிறுத்தியிருக்கலாம். அவளுக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

"பிறகு என்னை அனுப்பினார்கள். மூன்று பிள்ளைகளை நான் கூட்டிவந்தேன். ஒருத்தி திரும்பிப் போகவில்லை."

அவள் திரும்பித் தில்மானைப் பார்த்தாள். "உனக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே சொன்னான். ஒரு கிழமை நான் கதைக்கவில்லை."

"பிறகு?"

"பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது." சொல்லிவிட்டு அவன் மீனைக் கிளறினான். "ராஜா வரட்டும். முதல் வேலையாய் இவனைச் சிறையில் போடச் சொல்லுவேன்."

"சிறைக்குச் சோறு நீதான் கொண்டுவர வேண்டும்," என்றான் கர்ணா.

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த அறையில் ஏதோ கொஞ்சம் இளகிற்று. அதை அவள் விரும்பவில்லை. இவர்கள் பொய்யர்களாக இருந்திருந்தால் எவ்வளவு சுகம் என்று நினைத்தாள்.

"கழுத்தில் இருப்பது என்ன?"

கர்ணா நூலைத் தலைக்கு மேலால் கழற்றினான். குழாய் வெள்ளியில் செய்தது, இரண்டு பக்கமும் மெழுகால் அடைத்திருந்தது. "சண்டை முடிந்து வீட்டுக்குத் திரும்பிப் போன அன்று அம்மா கட்டினாள். உள்ளே எங்கள் கோயில் திருநீறு. பிறத்தியாருக்குக் காட்டினால் பலிக்காது என்று சொன்னாள்."

சொல்லிவிட்டு அதை அவளுடைய உள்ளங்கையில் வைத்தான்.

பாரமே இல்லை. ஆனால் அவன் உடம்பின் சூடு அதில் இருந்தது. சுஜானியைக் கட்டிப்பிடித்தபோது நெஞ்சில் அழுத்திய அந்தக் குப்பியும் இப்படித்தான், குளிரவில்லை, பிள்ளையின் சூட்டோடு இருந்தது. பதினேழு வருசமாக அவளுக்கு அந்தக் குப்பிதான் நினைவில் நின்றது. சூடு மறந்துபோயிருந்தது.

"இஞ்சேரப்பா!" முன்னறையிலிருந்து குலேந்திரன் கூப்பிட்டான். "கண்ணாடியைக் காணேல்லை எண்டனீர். இஞ்சை சாமித்தட்டிலைதானே கிடக்குது!"

அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ரொசாலியாவின் தோளுக்குப் பின்னால் கடுதாசியின் ஒரு முனை வெள்ளையாய் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டைச் சுற்றி அவள் கை தானாக மூடிக்கொண்டது. விரல்களுக்கிடையால் வழிந்த கறுப்பு நூல், கடல்பக்கச் சன்னலிலிருந்து வந்த காற்றில் மெல்ல ஆடியது.