ஆறு டப்பாவும் ஒரு திருடியும்

என் மகள் ப்ரீதி சர்க்கரைத் திருடி. ஐந்து வயது, யூகேஜி. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. என்னை 'ம்மா' என்பாள், மற்ற எல்லாவற்றுக்கும் 'த்தா'. ஆனால் கை மட்டும் நல்ல நீளம்.

பிப்ரவரியில் அவளுடைய மரகதவல்லி மிஸ் என்னைக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க ஜாஸ்மின். பேச்சே வரல, எழுத்து எப்படி வரும்? இன்னொரு வருஷம் யூகேஜியிலயே இருக்கட்டும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏப்ரல் முதல் திங்கட்கிழமை வரை பாருங்கள் மிஸ் என்று தவணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தண்டலம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வேறு மாதிரி சொன்னாள். "பேச்சு வரட்டும்னு காத்துட்டு இருக்காதீங்கக்கா. வீட்ல இருக்கிற பொருள் மேலயெல்லாம் பேர் எழுதி ஒட்டுங்க. தினம் காட்டிச் சொல்லுங்க."

அது எனக்குத் தெரிந்த வேலைதான். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் லேபிள் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட நகராது. கதவு, பாய், குடம் என்று அன்றைக்கே ஒட்டித் தள்ளினேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த, ஒரே மாதிரியான ஆறு எவர்சில்வர் டப்பாவையும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் ஜெபகுமார் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். "இன்னா ஜாஸ்மின், வூட்டையும் குடோன் ஆக்கிட்ட? என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு" என்றார்.

இரண்டு மாதம் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். சர்க்கரை மட்டும் குறைந்துகொண்டே போனது. தினமும் டப்பாவின் இடத்தை மாற்றினேன், அப்படியும் எடுத்துவிடுவாள். கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்றால், எங்கள் வீட்டில் கள்ளிதான். பிடிபட்ட நாளெல்லாம் கையில் ஓர் அடி வைத்தேன்.

தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்து வந்து டப்பாக்களைக் கழுவித் துடைத்து நிரப்பி, புதுச் சீட்டு எழுதி, தூக்கக் கலக்கத்தில் ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையில் தூ தூ என்று சத்தம்.

ப்ரீதி நாக்கை நீட்டித் துப்பிக்கொண்டிருந்தாள். எதிரே 'சர்க்கரை' என்று ஒட்டிய டப்பா. அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். உள்ளே பார்த்தால் உப்பு. நான்தான் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன். அவள் என்னை முறைத்தாள். சீட்டைப் பிய்த்து, எங்கள் கம்பெனி லைனில் ரிஜெக்ட் ஆன பீஸைத் திருப்பித் தருவது போல என் கையில் வைத்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மற்ற ஐந்து டப்பாவின் மூடியும் இறுக்கமாகவே இருந்தது. நேராக இதைத்தான் திறந்திருக்கிறாள். எதைப் பார்த்து?

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

சீட்டுகளைச் சரியாக ஒட்டினேன். அவர் டப்பாக்களைக் கலைத்துக் கலைத்து வைத்தார். மூன்று தடவையும் அவள் கை சர்க்கரைக்கே போனது. "பருப்பு எடும்மா" என்றார். பருப்பு டப்பாவை நகர்த்தினாள். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "படிக்குதுடி" என்றார், மெதுவாக.

திங்கட்கிழமை ஆறு டப்பாவையும் பையில் போட்டு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் எழுத்தை நம்பாமல் மிஸ் தானே புதிதாக எழுதி ஒட்டினார். ரவை கேட்டார், எடுத்தாள். டீத்தூள் கேட்டார், எடுத்தாள். சர்க்கரை என்றதும் எடுத்து, திறந்து, ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டாள்.

மிஸ் டப்பாவை வாங்கி மூடி வைத்தார். "ஜூன்ல ஒண்ணாம் கிளாஸுக்கு அனுப்புங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். திருடினதற்கு என்று நினைத்துத்தான் அந்தக் கையை அத்தனை நாள் அடித்தேன். படித்ததற்கு அடித்திருக்கிறேன். பையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன்.

"த்தா" என்றாள்.

"எடுத்துக்கோடி" என்றேன்.