செல்வராணிக்கு ரொக்கம் செல்லாது

"அந்த ஜிபே கிபேயெல்லாம் வேணாம் தாயி. நேர்ல வந்து நோட்டா எண்ணி உங்க கையில வச்சிர்றேன்" என்று அந்த ஆள் மறுபடியும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியபோது, வந்த ஆத்திரத்தில் தோசையைத் திருப்ப மறந்துவிட்டேன். கருகிப்போனதை என் வீட்டுக்காரர் தட்டிலேயே போட்டேன். அவர் அதையும் சட்னியில் தொட்டுத் தின்றார். அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்குகிறவர் அவர்தானே, தின்னட்டும்.

என் வீட்டுக்காரர் பிராங்க்ளினுக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் மற்ற ஆம்பிளைகள் டீக்கடைக்குப் போவார்கள், இல்லையென்றால் போனை நோண்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பார்கள். இவர் பஸ் கட்டுவார். ரோட்டில் ஓடுகிற பஸ் இல்லை. ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, இரண்டடி நீளத்துக்கு அச்சு அசலாக ஒரு பஸ். உள்ளே சீட்டு இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும், டிரைவர் தலைக்கு மேலே சாமி படமும் அதற்கு ஒரு துளி மாலையும் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் நீல லைட் எரியும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, பஸ் நிறுத்த இடம் உண்டு. கல்யாணமான புதிதில் இதென்ன கிறுக்கு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் குரூப் வைத்து, எந்த பஸ்ஸுக்கு என்ன ஹாரன் என்று விடிய விடியப் பேசுகிறார்கள், ஒருத்தர் கட்டுவதை இன்னொருத்தர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று.

கட்டத் தெரிந்த மனுஷனுக்குக் காசு வாங்கத் தெரியாது. பாதிப் பணம் முதலில், பாதி பஸ் கைக்கு வந்ததும் என்பார். அந்தப் பின்பாதி வரவே வராது. கேட்கவும் மாட்டார். "அவரும் நம்மள மாதிரி பஸ் பைத்தியம்தான அன்பு, ஏமாத்தவா போறாரு?" என்பார் என்னிடம். வெளியூர்க்காரன் ஒருத்தன் ஏமாற்றத்தான் செய்தான். முழுப் பணமும் போட்டாச்சு என்று போனில் ஒரு படம் அனுப்பினான். இவர் அந்தப் படத்தையே பணம் என்று நம்பி, பஸ்ஸுக்குப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்துப் பார்சல் போட்டுவிட்டார். அப்புறம் பார்த்தால் அது ஜோடித்த படம். பணம் போனதற்கு நான் அழவில்லை. மாதக்கணக்கில் இவர் என் எதிரே உட்கார்ந்து நான் வைத்த குழம்பை ஊற்றித் தின்றுகொண்டே, "அந்தப் பணமா, வரும் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அதற்குத்தான் அழுதேன். அதுவும் எனக்கு யார் மூலம் தெரிந்தது? அந்த குரூப்பில் இருக்கிற ஒருத்தருடைய பெண்டாட்டி, நலம் விசாரிக்கிற மாதிரி என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

அன்றிலிருந்து கல்லாப் பெட்டி என்னிடம். கியூஆர் கோடு என் பெயரில், மெசேஜ் வருவது என் போனுக்கு. முழுப் பணமும் வந்து என் போன் சத்தம் போட்டால்தான் பஸ் வாசலைத் தாண்டும். யாராவது படம் அனுப்பினால், படம் நல்லா இருக்கு, பணத்தை அனுப்புங்க என்று பதில் போடுவேன். குரூப்பில் எனக்குக் கண்டக்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அகரம் பெருமாள்சாமி வந்து சேர்ந்தார். பூ விவசாயம் பார்க்கிறவர். மல்லிகையும் செண்டுப்பூவும் போட்டுத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். பஸ் என்றால் உயிர். என் வீட்டுக்காரர் போடுகிற ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் ஆளாக வந்து, பின்பக்க ஏணி ஒரு நூல் சாய்ந்திருக்கிறது, மற்றபடி பிரமாதம் என்று சொல்கிறவர். அவர் தோட்டத்து வழியாக செல்வராணி என்று ஒரு தனியார் பஸ் தினமும் போகிறது. புதுசாகப் பாடி கட்டி, முன்னால் மயிலும் பின்னால் அருவியுமாக வந்திருக்கிறது. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். விலை ஆறாயிரம் என்றதும் பேரம்கூடப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் லீவு நாளெல்லாம் போய் அந்த பஸ்ஸைப் பின்னால், முன்னால், படியில், டாப்பில் என்று போட்டோ எடுத்து வந்து கட்டினார். மயிலின் கழுத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி போனது. அவர் கட்டினதிலேயே அதுதான் அழகு. என் வாயால் சொல்கிறேன், அழகு.

பணம் என்றதும்தான் அந்த ஆள் வழுக்கினார். ஜிபே வேண்டாம், பாங்க்கில் போடுவதும் வேண்டாம், பஸ் கண்டக்டர் மூலமாகக் கொடுத்துவிடுவதும் வேண்டாம், கையில்தான் கொடுப்பேன் என்றார். எனக்கு உடனே சந்தேகம். போனில் வாட்ஸ்அப் இருக்கிறது, வீடியோ பார்க்க நெட் இருக்கிறது, பணம் போட மட்டும் முடியாதா? "அந்தண்ணே அப்படிப்பட்ட ஆளில்ல அன்பு. வரச் சொல்லுவோம்" என்று இவர் கெஞ்சினார். சரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டில் இருக்கிற நேரமாக வரச் சொல்லுங்கள், நானும் அந்த மூஞ்சியைப் பார்க்கிறேன் என்றேன்.

வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் என் தலைக்கு என்று மல்லிகைப் பந்து. ஐம்பதைத் தாண்டிய மனுஷன், செல்வராணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். "ஏலே அப்பு, ரெண்டாவது சீட்டு ரெக்சின் கிழிஞ்சிருக்கே, அதக்கூட விடலயே" என்று என் வீட்டுக்காரர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இவருக்கு வாயெல்லாம் பல். அந்த நிமிஷமே என் சந்தேகம் பாதி போய்விட்டது. ஏமாற்ற வந்தவன் கிழிந்த சீட்டைப் பார்க்க மாட்டான்.

சாப்பிடச் சொன்னேன். கறிக்குழம்பும் வெஞ்சனத்துக்கு முட்டைக்கோஸும் வைத்தேன். கை கழுவி வந்து, இடுப்பிலிருந்து ஒரு மஞ்சப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். எல்லாம் மல்லிகை வாசம். நான் வாங்கிக்கொண்டு, "பஸ்ஸ எப்படிண்ணே கொண்டு போறீங்க? பெட்டி கட்டித் தரச் சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் மேலே ஃபேனைப் பார்த்தார். முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள்!

"அது இங்கனயே இருக்கட்டும் தாயி. ஞாயித்துக்கெழமையில வந்து செத்த நேரம் பாத்துட்டுப் போயிர்றேன்."

"காசு குடுத்து வாங்கிட்டு இங்க விட்டுட்டுப் போறதுக்கு இது என்ன வீடா, பஸ் டிப்போவா?"

அப்புறம் மெதுவாக விஷயம் வெளியே வந்தது. பாங்க்கில் பெருமாள்சாமிக்கும் அவர் சம்சாரம் ஒச்சம்மாளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. யார் எடுத்தாலும் இரண்டு போனிலும் மெசேஜ் வந்துவிடும். போன வருஷம் அவர் தன் மொபெட்டுக்குப் பஸ் ஹாரன் வாங்கி மாட்டித் தெருவில் அடித்ததில், பக்கத்து வீட்டுப் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அன்றைக்கு ஒச்சம்மாள் பேசின பேச்சு அகரத்துக்கே கேட்டதாம். இப்போது ஆறாயிரத்துக்கு ஒரு பஸ் பொம்மை என்று மெசேஜ் போனால் தாங்குமா? அதனால் பூ விற்ற காசில் டீக்காசு, பஸ் காசு என்று பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறார். பஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம்.

"தாராளமா வந்து பாருங்கண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒரு பார்வை பார்த்தேன். மறுபடியும் ஃபேனைப் பார்த்தார்.

எனக்கு ஒச்சம்மாளை முன்னே பின்னே தெரியாது. ஆனால் அவள் போன் இருக்கிற அடுக்களை எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. நாளைக்கு எவளோ ஒருத்தி, உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையானா வேடசந்தூர் வாராரே என்று அவளிடம் கேட்கப்போகிறாள். மஞ்சப் பையை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"இது எனக்கு வேணாம்ண்ணே. ஜிபேல போடுங்க. ஒங்க கணக்குலருந்து போடுங்க."

"தாயி!"

"திட்டுனா ஒரு பொழுது திட்டுவாக. ரெண்டு நாளு பேச மாட்டாக. அப்பறம் சோறு போட்டுருவாக. எவளோ வந்து சொல்லித் தெரிஞ்சா அது ஆறவே ஆறாது. எனக்குத் தெரியும்ண்ணே, கேட்டுக்கங்க. போட்டீங்கன்னா பஸ் ஒங்களுது, தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க. இந்தப் பைய அக்கா கையில குடுத்து, ஒளிச்சு வச்சிருந்தேன்னு சொல்லுங்க. இல்லன்னா பஸ் இங்கனயே நிக்கும். ஆனா நீங்க வந்து பாக்க முடியாது."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பாவமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நான் நிறுத்தவில்லை.

பெருமாள்சாமி எழுந்து துண்டை உதறினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். செருப்பு கிடந்த இடம் வரை போனார். திரும்பி வந்து, செல்வராணி முன்னால் குந்தி உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். உள்ளே நீல லைட் எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கோடக் காட்டு தாயி" என்றார். போனைத் தூக்கிப் பிடித்து, பின் நம்பரை உதட்டால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். என் போன் சத்தம் போட்டது. வந்தாச்சு.

நாங்கள் மூன்று பேரும் அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் குடிக்கலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் அடித்துவிட்டது. ஸ்பீக்கரில் போடாமலேயே ஒச்சம்மாள் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ஏய்யா, ஆறாயிரம் போயிருக்குன்னு வந்திருக்கே! எவனும் ஏமாத்திப்புட்டானாய்யா? எவன் கேட்டாலும் நம்பரச் சொல்லாதன்னு நம்ம மக கீர்த்தனா தலபாடா அடிச்சுக்கிட்டாளே! நீ எங்கய்யா இருக்க? பதறாம சொல்லு, நான் பாங்க்குக்குப் போன் போடச் சொல்றேன்!"

ஆமாம், ஏமாத்திட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெருமாள்சாமியைப் பார்த்தேன்.

"எவனும் ஏமாத்தல ஒச்சம்மா. நாந்தான் போட்டேன். பஸ்ஸு ஒண்ணு வாங்குனேன்."

"பஸ்ஸா?"

"செல்வராணி. பொம்மை பஸ்ஸு. லைட்டெல்லாம் எரியும்."

அப்புறம் வந்த மழையை நான் எழுத முடியாது. தோட்டத்து மோட்டார் காயில் எரிந்து சரிசெய்யாமல் கிடப்பதிலிருந்து அந்தப் பசுமாடு வரைக்கும் எல்லாம் வந்தது. அவர் "ஆமா", "தப்புத்தேன்", "ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டு ஒரு மனுஷனை மாட்டிவிட்டோமோ என்று எனக்கு ஆகிவிட்டது. திடீரென்று அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"எம்புட்டு பெருசு இருக்கும்?" என்று கேட்டது ஒச்சம்மாள் குரல்.

பெருமாள்சாமி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் அகல விரித்தார். செல்வராணியை ஒரு தரம் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் உள்ளே இழுத்து அளவைச் சரிசெய்துகொண்டு, "இம்புட்டு" என்று அவளுக்குக் காட்டினார்.