முபீனா இறங்கினாள், ஆரிப் இறங்கவில்லை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தார். வீரபாண்டி தாண்டியதும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுதான். ஒண்ணு எறங்கிருச்சு, ஒண்ணு இன்னும் எறங்கல."

காய்ச்சலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. காரில் பிள்ளைகளுக்கு பெல்ட் சரியாகப் பொருந்துவதற்காக உயர்த்தி உட்கார வைப்பார்களே, பூஸ்டர் சீட், அதைப் பற்றிய பேச்சு. சின்னமனூரில் அவர் இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் உண்டாக்க வேண்டியதாயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஒரு குழந்தை எந்தக் கணத்தில் பெரியவனாகிறது என்று மனித குலம் காலங்காலமாக—' அடித்துவிட்டேன். மனித குலத்துக்கு ஒரு காரின் பின்சீட்டில் இடம் போதாது.

இரண்டாவது தொடக்கம்: 'மெஹராஜ் காரின் பின்கதவைத் திறந்தாள்.' இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

மெஹராஜ் காரின் பின்கதவைத் திறந்தாள். உத்தமபாளையத்தில் அவர்கள் வீட்டு வாசல். அன்றைக்கு மலைமேல் குமுளியில் அவள் தங்கைக்கு நிக்காஹ். கணவர் அப்துல் காதர் குடும்பத்தோடு ஷார்ஜாவில் பல வருஷம் இருந்து வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து டைல்ஸ் கடை போட்டவர். ஆரிப்பும் முபீனாவும் இரட்டைப் பிள்ளைகள், பதினொரு வயது. கொஞ்சம் முந்திப் பிறந்த உரிமையில் ஆரிப் அண்ணன். அந்த அண்ணன் இப்போது தங்கையின் காதுக்குத்தான் வருகிறான்.

பூஸ்டர் சீட்டுகள் ஷார்ஜாவிலிருந்து அவர்களோடு வந்தவை. காதரின் அக்கா அவற்றை 'மணை' என்பாள். "புள்ளைகளுக்கு என்ன கல்யாணமா, மணையில ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறீக?"

இரண்டு நாளாகவே முபீனா, "இது இல்லாமலே எனக்குச் சரியா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெஹராஜ் அவள் பூஸ்டரை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒக்காரு. நல்லாப் பின்னாடி."

முதுகு சீட்டோடு ஒட்டியது. முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்கிக் கால் கீழே ஊன்றியது. கீழ்பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல் தட்டையாகப் படுத்தது. மேல்பெல்ட் கழுத்தைத் தொடாமல் தோளின் நடுவில் இறங்கி மார்பைக் கடந்தது.*

(* வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, உயரமும் பெல்ட் படுகிற இடமும்தான் கணக்கு என்று பஸ்ஸில் கேட்ட அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். வழி முழுக்கச் சரியாமல் அப்படியே உட்காரவும் வேண்டுமாம். பெரியவர்களான நம்மில் பலரே இதில் தேறமாட்டோம்.)

மெஹராஜ் பெல்ட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பெரிய மனுஷருக்கென்று செய்த பெல்ட் இது. அதுவாகவே தேடி வந்ததுபோல மகளின் தோளில் கிடந்தது. தினமும் தலை பின்னிவிடுகிறாள், தட்டில் சோறு போடுகிறாள். அவள் கண் முன்னாலேயே, ஒரு சத்தமும் இல்லாமல், இந்த எலும்புகள் நீண்டிருக்கின்றன. யாரிடம் கேட்டு நீண்டன?

"என்னம்மா, சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்குத்தா" என்றாள் மெஹராஜ்.

3

அடுத்து ஆரிப். தன் பூஸ்டரைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். முழங்கால் மடங்க வேண்டும் என்று இடுப்பை முன்னால் தள்ளிக்கொண்டான். மேல்பெல்ட் கழுத்தை உரச, அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் கீழே இழுத்துப் பிடித்தான்.

"கைய எடு ஆரிப்."

எடுத்தான். பெல்ட் கழுத்துக்கே திரும்பிப் போயிற்று. கீழ்பெல்ட் வயிற்றின் மேல் ஏறியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாளு தங்கம்."

அவன் இறங்கி வீட்டுக்குள் போனான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் வரல. எல்லாரும் போயிட்டு வாங்க."

காதரின் அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "ஊருல எந்தப் புள்ள இதுல ஒக்காருது மெஹராஜ்? தூக்கி டிக்கியில போடு. பொம்பளப் புள்ள எறங்கிருச்சு, ஆம்பளப் புள்ள மணையில இருந்தா அவனுக்கு எப்புடி இருக்கும்?"

காதரும் மெதுவாகச் சொன்னார். "ஒரு நாளைக்குத்தான மெஹராஜ்?"

"மலையில போறோம்ங்க. பிரேக் அடிச்சா பெல்ட்டு வயித்தத்தான் அமுக்கும். மதினியக் கூட்டிக்கிட்டு நீங்களும் முபீனாவும் போங்க. நான் அவன்கூட இருந்துக்கிறேன்."

"ஒந்தங்கச்சி நிக்காஹ்க்கு நீ இல்லாமயா?" என்றார் காதர்.

மெஹராஜ் பட்டுச்சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் கதை இரண்டு நாள் நின்றுபோனது.

முபீனா விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பார்த்தேன்: 'அண்ணனுக்காக அவளும் தன் பூஸ்டரை எடுத்து—' அவள் எடுக்க மறுத்துவிட்டாள். நியாயம்தானே. வளர்ந்தது அவள் குற்றமா?

காதர் அதட்டுவதாக எழுதினேன். அவர் அதட்டுகிற ஆள் இல்லை என்று கடைப்பையன்கள்கூடச் சொல்வார்கள்.

கடைசியில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை நான் எழுதவில்லை. வாசற்படியில் மெஹராஜோடு நானும் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆரிப் வந்தான். முகம் கழுவியிருந்தான். கீழே கிடந்த தன் பூஸ்டரை அவனே தூக்கிக் காரில் வைத்தான். ஏறினான். பெல்ட்டைப் போட்டான்.

"நீ போகலேன்னா சின்னம்மா அழும்" என்றான், அம்மாவைப் பார்க்காமல். பிறகு அத்தா காதரிடம், "மண்டபத்து வாசல்ல நிறுத்தாதீங்கத்தா. கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. நான் எறங்கிக்கிறேன்."

மெஹராஜ் எழுந்தாள். கொஞ்சம் முன்னால் ஒரு பிள்ளை வளர்ந்ததைப் பெல்ட்டை வைத்துப் பார்த்தாள். இந்தப் பிள்ளை வளர்ந்ததைப் பார்க்க அவளிடம் எதுவும் இல்லை. சும்மா நின்று பார்த்தாள்.

5

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறியது. பின்சீட்டில் மெஹராஜ் நடுவில், இரு பக்கமும் பிள்ளைகள். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு பக்கம் மாறும். யார் பக்கம் வருகிறதோ அவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது இரட்டையரின் வழக்கம்.

'எதிரே வந்த ஜீப் வளைவில் நிதானம் இழந்து—'

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். விபத்தை வைத்தால் மெஹராஜ் செய்தது சரி என்று மதினியே ஒப்புக்கொள்வாள். ஒன்றும் நடக்காத நாளிலும் அவள் செய்தது சரிதான். இந்த மலையில் தினம் எத்தனை கார்கள், ஒன்றுமே நடக்காமல் ஏறி இறங்குகின்றன. நினைத்துப் பார்த்தால் அதுதான் பெரிய ஆச்சரியம். ஜீப் ஒழுங்காக ஒதுங்கிப் போயிற்று.

பள்ளத்தாக்கு முபீனாவின் பக்கம் வந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது, சொல்லு" என்றான் ஆரிப்.

"சொவரு. அதுக்கு மேல எதுத்த மலை." முபீனாவுக்குக் குழப்பமாக இருந்தது. "அண்ணே, கீழ ஒண்ணும் தெரியல. எப்பவும் தெரியும்ல?"

பூஸ்டர் இல்லாத சீட் இத்தனை தாழ்வு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காருக்குள் இப்போது ஆரிப்தான் உயரம்.

அவன் சிரிக்கவில்லை. தன் பக்கம் வரும்வரை காத்திருந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.

"பவர் ஹவுஸுக்குத் தண்ணி போற பெரிய கொழாயெல்லாம் மலையிலருந்து எறங்குது. அங்குட்டு தெராட்சப் பந்தலு, ஒண்ண ஒட்டி ஒண்ணு. நடுவுல ஒரு பஸ்ஸு, எறும்பு கணக்கா போகுது. முபீ, கூடலூருப் பக்கம் வெயிலு. கம்பத்துப் பக்கம் மழை. ஒரே நேரத்துல. மழை நடந்து வருது முபீ, வயலு வயலா."

முபீனா கண்ணை மூடிக் கேட்டாள். முன்சீட்டிலிருந்து மதினி திரும்பினாள். "எங்கனடா?"

"இங்கன பாருங்க மாமி, என் கைக்கு நேரா."

காதர் வேகத்தைக் குறைத்தார். மெஹராஜ் மகனின் தோள் வழியே பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற பள்ளத்தாக்கு அது. மழை அதற்குள் கால் வைத்து நடப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

6

மண்டபத்துக்கு இரண்டு கடை தள்ளிக் காதர் நிறுத்தினார். நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பினார்கள்.

மலை இறங்கிச் சமவெளி வந்ததும் ஆரிப் கேட்டான். "அம்மா, நானும் ஒரு நா எறங்கிருவேன்ல?"

"எறங்கிருவ."

"எப்ப?"

[மெஹராஜின் பதில்: 'அடுத்த நோன்புக்குள்—' அடித்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்?]

[மெஹராஜின் பதில்: 'என்ன அவசரம், கொஞ்ச நாளைக்கு இப்படியே—' இதையும் அடித்தேன். அது அவள் ஆசை. அவன் கேட்டது அது இல்லை.]

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். தேதி சொல்லாதீர்கள், அவன் நம்பமாட்டான். கொஞ்சம் யோசித்தே சொல்லலாம். கார் இப்போதுதான் கூடலூரைத் தாண்டுகிறது, உத்தமபாளையம் வர இன்னும் நேரம் இருக்கிறது, அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.